சிதைப்பவைக்கு ஒற்றை வரி போதாது: உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

உணவுச் சங்கிலியைப் புல்லில் தொடங்கி, மானைத் தாண்டி, புலியில் கொண்டுபோய் முடிக்கிறீர்கள். செத்ததைச் சிதைக்கும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம், ஒற்றை வரி விளக்கம். அடுத்த பதிப்பில் இதை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

காட்டில் விளைவதில் பெரும்பகுதியை எந்த விலங்கும் தின்பதில்லை. இலையாக, சுள்ளியாக, செத்த வேராக அது நேரே மண்ணுக்குத்தான் போகிறது. மண்புழுவும் மரவட்டையும் கரையானும் அதை நொறுக்குகின்றன. பூஞ்சை இழைகள் உள்ளே ஊடுருவி, நொதிகளைச் சுரந்து, தம் உடலுக்கு வெளியிலேயே செரித்து உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினைக்கூட வெண்ணழுகல் பூஞ்சைகள் உடைத்துவிடும். புரதத்துக்குள் பூட்டிக் கிடந்த தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியமாக வெளிவருகிறது, வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன, வேர்கள் எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவு வேலையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எப்படி அடங்கும்?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பார்ட் புரூக் ஆய்வுக் காடு இருக்கிறது. 1965 இறுதியில் அங்கே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் எல்லாவற்றையும் வெட்டி, அப்படியே கிடக்க விட்டார்கள். மறுபடி துளிர்க்காதபடி களைக்கொல்லியும் தெளித்தார்கள். ஓடை நீரில் நைட்ரேட் பல மடங்கு ஏறி, குடிநீருக்கான வரம்பையே தாண்டியது. மண்ணில் சிதைவு நிற்கவில்லை. வெளிவந்த சத்தை வாங்கிக்கொள்ளத்தான் வேர் இல்லை. சுழற்சி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை. அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தனியாகச் சொல்லுங்கள். தழைச்சத்தைப் போல அதற்குக் காற்றில் இருப்பு கிடையாது. பாறை கரைந்து வருவதும் மிக மெதுவாகத்தான். பழைய மண்ணில் நிற்கும் காடு, தான் உதிர்த்ததையே திரும்பத் திரும்ப எடுத்துப் பிழைக்கிறது.

அப்புறம், படத்திலுள்ள அம்புக்குறிகள். ஆற்றல் சுழல்வதில்லை, ஒவ்வொரு படியிலும் வெப்பமாகி வெளியேறிவிடுகிறது. சுழல்வது பொருள்தான். இரண்டையும் ஒரே நிறத்தில் வரைந்தால் மாணவர் குழம்பத்தான் செய்வார்.

ஒரு செய்முறையும் சேருங்கள். ஒரே எடையுள்ள உலர்ந்த இலைகளை இரண்டு நைலான் வலைப்பைகளில் கட்டி மண்மேல் போடச் சொல்லுங்கள். ஒரு பைக்கு மண்புழு நுழையும் அளவு பெரிய கண். இன்னொன்றுக்கு நுண்ணுயிர் மட்டும் புகும் அளவு சின்னக் கண். சில மாதங்கள் கழித்து எடுத்து, மண்ணை உதறி, காயவைத்து மீண்டும் எடை போட்டு, இலைகளை நொறுக்கும் மண்புழு போன்றவற்றின் பங்கு எவ்வளவு என்று இரண்டு பைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்