டிஸ்க் வாங்கும் முன் பி.சி.டி. கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சித் தேங்காயும் நாமக்கல் முட்டையும் ஏற்றும் பிக்அப் வண்டிகளுக்கு வேறு வண்டியின் டிஸ்க்கோ (டயர் ஏற்றும் இரும்புச் சக்கரம்) அலாய் சக்கரமோ மாட்டுவது இங்கே பெருகிவிட்டது. கடையில் கேட்பது ஒன்றே ஒன்று: "அஞ்சு ஓட்டையா, ஆறு ஓட்டையா?" அதோடு நின்றுவிட்டால், லோடோடு திம்பம் மலைப்பாதை இறங்கும்போது ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் போல்ட்) முறியும் ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

ஓட்டை எண்ணிக்கையோடு பி.சி.டி.யும் ஒத்துப்போக வேண்டும். ஹப்பிலுள்ள (அச்சு முனையில் சக்கரம் பொருந்தும் பாகம்) ஸ்டட்களின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம்தான் பி.சி.டி. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் இரண்டுக்கும் 6 ஓட்டை, 139.7 மி.மீ. ஜிப்ஸிக்கு 5 ஓட்டை, அதே 139.7. இன்னோவாவுக்கும் 5 ஓட்டைதான், ஆனால் 114.3. (5.5 அங்குலம், 4.5 அங்குலம் என்று வைத்த அளவுகள் என்பதால்தான் இந்தப் புள்ளிக் கணக்கு.)

அளக்க ஒரு வெர்னியர் போதும். ஆறு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்களின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து, ஒரு ஸ்டட்டின் தடிமனைக் கழியுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் 151.7 வந்தால் பி.சி.டி. 139.7. ஐந்து ஸ்டட்டில் நேர் எதிரே ஸ்டட் கிடையாது. பலர் தவறு செய்வது இங்கேதான். பக்கத்துப் பக்கத்து ஸ்டட்கள் இரண்டை அதே முறையில் அளந்து, தடிமனைக் கழித்து, 1.701ஆல் பெருக்குங்கள். மையத்துக்கு மையம் 82.1 வந்தால் 139.7; 67.2 வந்தால் 114.3.

ஓர் அங்குல வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும், அதனால் பயமில்லை. 114.3 ஹப்பில் 112 டிஸ்க்கை ஏற்றுவதுதான் மோசம். ஸ்டட் ஒவ்வொன்றும் 1.15 மி.மீ. மட்டுமே விலகியிருப்பதால், நட்டு முறுக்கும் கன் வைத்து அடித்தால் ஏறிவிடும். ஆனால் நட்டு தன் இருக்கையில் (டிஸ்க்கில் அது அமரும் இடம்) ஒரு பக்கம் மட்டுமே உட்காரும், ஸ்டட் வளைந்தே நிற்கும், சக்கரம் சுற்றச் சுற்ற அந்த இடத்தில் உலோகம் களைத்து விரிசல் விடும். ஓட்டையை அரத்தால் நீட்டி மாட்டுவதை எந்தப் பட்டறையும் செய்யக் கூடாது.

பி.சி.டி. ஒத்தாலும் நடு ஓட்டையைப் பாருங்கள். ஹைலக்ஸ் டிஸ்க்கில் அது சுமார் 106 மி.மீ., டி-மேக்ஸில் சுமார் 100. டி-மேக்ஸ் டிஸ்க் ஹைலக்ஸ் ஹப்பில் நுழையாது. ஹைலக்ஸ் டிஸ்க் டி-மேக்ஸில் நுழைந்துவிடும், ஆனால் நடுவில் தாங்கல் இருக்காது. அளவான வளையம் போடாவிட்டால் மையம் விலகி ஸ்டியரிங் ஆடலாம். ஆஃப்செட்டும் (ஹப்பில் பொருந்தும் முகம் டிஸ்க் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) அப்படித்தான். டிஸ்க்கில் ஈ.டி. என்று பொறித்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும், பேரிங்குக்குச் சுமை கூடும்.

நட்டின் மரையும் இருக்கையும் தனிக் கதை. 12 மி.மீ. ஸ்டட்டிலேயே 1.5 மரையும் (மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி) உண்டு, 1.25 மரையும் உண்டு. மாற்றிப் பூட்டினால் மரை அறுந்துவிடும். 1.5 மரையில் நட்டு குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். கூம்பு இருக்கை டிஸ்க்குக்குக் கூம்பு நட்டு, தட்டை இருக்கைக்கு வாஷர் வைத்த நட்டு. நான்கு சக்கரத்தையும் அலாயாக மாற்றியவர்கள் ஸ்டெப்னிக்கான பழைய நட்டுகளை வண்டியிலேயே வைத்திருங்கள். இல்லாவிட்டால் வால்பாறை மலைப்பாதையில் பஞ்சரானால் ஸ்டெப்னி இருந்தும் மாட்ட முடியாது.

லோடு வண்டிக்கு அலாய் வாங்குவோர் டிஸ்க்கின் சுமைத் திறனையும் பார்க்க வேண்டும். பின் ஆக்ஸில் சுமையில் பாதியை ஒரு டிஸ்க் தாங்கியாக வேண்டும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓட்டை எண்ணிக்கை, பி.சி.டி., நடு ஓட்டை, ஈ.டி., சுமைத் திறன் ஐந்தையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். உக்கடத்தில் பழைய டிஸ்க் வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்கலாம்.

மாட்டும்போது ஹப் முகத்திலுள்ள துருவைச் சுரண்டிவிடுங்கள். மரைக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். சக்கரம் தரையில் படாதபோதே எல்லா நட்டுகளும் விரலாலேயே இருக்கை வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் கன்னை எடுக்காமல் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு எதிரெதிராக, கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் பட்டறைப் பணியாளர்கள்,
பல்லடம்