ஜப்பான் கார் ஆசையில் பணத்தை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 24 வயது. வீடு திருவொற்றியூரில், வேலை மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் கேரியர் லாரிகளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒரகடத்தில் தயாராகும் நிசான் கார்கள் 2010-லிருந்து இந்த வழியாகத்தான் கப்பல் ஏறுகின்றன. இத்தனை கார் இங்கிருந்து வெளியே போகிறதே, ஜப்பானிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எனக்காக உள்ளே வராதா என்று ரொம்ப நாள் ஏங்கியிருக்கிறேன். அந்த ஆசை கிட்டத்தட்ட ஆறரை லட்சத்தை விழுங்கப் பார்த்தது. என்னைப் போன்ற பையன்கள் எங்கள் பக்கம் நிறைய பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாதவரம் பக்கம் ஒரு ஷெட்டில் தரகர் ஒருவர் காட்டிய கார் அது. சிவப்பு யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஜப்பான் பெயர். 1989-ல் வந்த மாடல், 1.6 லிட்டர் இன்ஜின், எடை ஒரு டன்கூட இல்லை. சுவிட்சைப் போட்டதும் ஹெட்லைட் இரண்டும் கண் விழிப்பது போல மேலே எழுந்தன. கதவு ஓரத்தில் டயர் காற்று அளவு ஜப்பானிய எழுத்தில் ஒட்டியிருந்தது. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். "கஸ்டம்ஸ் கிளியர் ஆன வண்டி, ஆர்.சி. கையிலேயே இருக்கு" என்றார். நல்ல வேளையாக, வியாசர்பாடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன்.

அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்கக்கூட இல்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தடுப்பை துணியால் துடைத்தார். அதில் சேசிஸ் எண், அதாவது காரின் அடையாள எண், பொறித்திருந்தது: என்ஏ6சிஇ என்று ஆரம்பித்து ஒரு கோடு, அப்புறம் ஆறு இலக்கம். ஜப்பான் சந்தைக்கு என்று செய்த கார்களுக்கு இப்படிச் சின்ன எண்தான் இருக்கும். ஆர்.சி.யிலோ 17 எழுத்து சேசிஸ் எண். அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் வேறு ஏதோ கம்பெனியின் ஹேட்ச்பேக் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு சீட்டை முன்னால் தள்ளி, கார்பெட்டைத் தூக்கினார். இடமிருந்து வலம் வரைக்கும் தரையில் ஒரு வெல்டிங் கோடு, மேலே கருப்பு பெயின்ட். "தம்பி, இது ரெண்டு கார். உதிரி பாகம்னு கணக்குக் காட்டிப் பாதி பாதியா வெட்டிக் கொண்டு வந்து ஒட்டியிருக்காங்க" என்றார். சாதாரண காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து பாடியைப் பிடித்துக்கொள்ளும். இந்த ரோட்ஸ்டர் மாதிரி நிரந்தரக் கூரை இல்லாத காரில் எல்லா பலமும் தரையிலும் இரண்டு பக்கச் சட்டத்திலும்தான். அங்கேயே வெட்டி ஒட்டியிருந்தால், எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் பக்கவாட்டில் லேசாக இடித்தாலும் என்ன ஆகும் என்று யோசித்தேன், கை நடுங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்துதான் விதிகளைத் தேடிப் படித்தேன். வெளிநாட்டுப் பழைய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால் தயாரித்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். வரி காரின் விலையையே தாண்டிவிடும். அமெரிக்காவில் 25 வயதான கார் என்றால் அவர்கள் நாட்டுப் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கு உண்டு, அதனால்தான் அங்கே ஒரு கல்லூரிப் பையன்கூட இதே யூனோஸை வாங்கி ஓட்டுகிறான். நமக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே "தொண்ணூறாம் வருஷத்து ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இப்போதான் இறங்குச்சு, ஆறு லட்சம்" என்று யாராவது சொன்னால் விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் கேரளாவில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்த கார்களைச் சுங்கத்துறை தேடித் தேடிப் பிடித்தது நினைவிருக்கும். வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மாட்டுவார், விற்றவர் போன் எடுக்க மாட்டார்.

ஒழுங்கான பேப்பரோடு எப்போதோ வந்த இறக்குமதி கார் கிடைத்தாலும் செலவு நம் கைக்கு அடங்காது. 20 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025-ல் மத்திய அரசு வைத்த கட்டணம் உள்ளூர் காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 80,000 ரூபாய்.

நான் கடைசியில் வாங்கியது 2007 மிட்சுபிஷி சீடியா. அதுவும் ஜப்பான் கார்தான், ஆனால் நம்ம திருவள்ளூர் தொழிற்சாலையில் செய்தது. இரண்டு லிட்டர் பெட்ரோல், 115 குதிரைத்திறன். நம் நாட்டு ராலி கார் பந்தயங்களில் பல வருடம் ஓடிய வண்டி. 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு முடிந்தது. பாகம் கிடைப்பது கஷ்டம், அதை மறைக்க விரும்பவில்லை. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் ஒன்றுக்காகப் புதுப்பேட்டை உதிரி பாகக் கடைகளில் இரண்டு வாரம் அலைந்தேன். பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் கிடைத்தால் அதுவும் அருமையான தேர்வு, 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன், கியரை இறக்கி மிதித்தால் அந்த இன்ஜின் பாடும். வாங்கும் முன் துருவை மட்டும் நன்றாகப் பாருங்கள், கடல் காற்றில் நின்ற வண்டியில் அடிப்பாகம் அரித்திருக்கும்.

ஆசிரியர் ஐயா, இந்த இறக்குமதி விதிகளைத் தமிழில் எளிமையாக அரைப் பக்கம் போடுங்கள். ஆங்கில அரசாணையைப் படித்துப் புரிந்துகொள்ள எங்கள் பையன்களுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை.

போன வாரம் அந்த ஷெட் வழியாகப் போனேன். சிவப்பு கார் அங்கே இல்லை. அதை வாங்கியவர் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அதுவரை அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர், சென்னை-19