முத்திரை என்னவோ நல்ல முத்திரைதான்

மில்வாக்கி,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள சுந்தரம்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. முப்பத்தாறு வருஷம் ஊரார் கடிதத்தையெல்லாம் பிரித்துப் போட்டவன் (‘பிரித்துப் படித்தவன்’ என்று உடனே திருத்துவாய்) சொந்தமாக ஒன்று எழுத இவ்வளவு நாளா என்று நீ கேட்பதற்குள் நானே ஒத்துக்கொள்கிறேன். சோம்பல்தான். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் பிள்ளையார் படங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உன்னோடு பேசிவிட்ட திருப்தியில் இருந்துவிட்டேன்.

முட்டி எப்படி இருக்கிறது? மதினி சொல்கிற எக்சர்சைஸைச் செய். செய்யாமலே செய்ததாகக் கணக்குக் காட்ட அது நம்ம ஆபீஸ் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். பேரனிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அதிரசம் என்ற சொல் மட்டும் சுத்தமாக வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தபால் முத்திரை பார்த்தேன். அதைப் பற்றி உன்னைத் தவிர யாரிடம் சொல்வது? செல்வியிடம் ஆரம்பித்தேன், “அப்பா, இட்லி ஆறுது” என்றாள்.

போன மாதம் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர் வில்லை சகிதம் இரண்டு பையன்கள் கதவைத் தட்டினார்கள். மார்மன் சபைக்காரர்கள். இருபது வயசுகூட இருக்காது, குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பாவம் என்று உட்காரவைத்து ஃபில்டர் காபி கொண்டுவந்தேன். தொடவில்லை. காபி, டீ இரண்டும் அவர்களுக்கு ஆகாதாம். காபி குடிக்காதவனோடு எனக்கு என்ன மதப் பேச்சு? ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் போனதும் மாப்பிள்ளை, “மாமா, இங்கேயிருந்து முக்கால் மணி நேரத்தில் பர்லிங்டன்னு ஒரு ஊர். இவர்களிடமிருந்து பிரிந்த ஒரு கிளைக்கு அதுதான் தலைநகரமாக இருந்தது” என்றார். அந்த ஞாயிறே கிளம்பிவிட்டோம்.

கதை இதுதான். 1830இல் மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தை, 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. அவருக்கு 38 வயது. அடுத்தது யார் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறமாதிரி சொல்லிவிட்டுப் போகவில்லை. கேட்கவேண்டுமா? நம்ம சங்கம் இரண்டாக உடைந்தபோது பீரோ சாவி யாரிடம், லெட்டர்பேட் யாரிடம் என்று ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டோமே, அதேதான். கூட இருந்த சிட்னி ரிக்டன் நான்தான் காவலன் என்றார். சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் குழுவுக்குத் தலைவர் பிரிகாம் யங், பொறுப்பு எங்கள் குழுவுக்கு என்றார். பெரும்பாலானோர் யங் பின்னால் போய் 1847இல் யூட்டாவில் குடியேறினார்கள். இன்று 1.7 கோடிப் பேருக்கு மேல் இருக்கிற சபை அதுதான். என் காபியைத் தொடாத பையன்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மூன்றாவதாக ஒருவன் வந்தான். ஜேம்ஸ் ஸ்ட்ராங். 31 வயது வக்கீல். ஞானஸ்நானம் வாங்கி நாலே மாதம். கையில் ஒரு கடிதம். ஸ்மித் சாவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 18 தேதியிட்டு எழுதியது. எனக்குப் பிறகு நீதான், ஜனங்களை விஸ்கான்சினில் வோரி என்ற இடத்தில் கூட்டு என்று அதில் இருக்கிறது. மேலே தபால் முத்திரை: நாவூ, ஜூன் 19. நாவூ ஸ்மித் இருந்த ஊர்.

இப்போது நிமிர்ந்து உட்கார். இந்த ஸ்ட்ராங் அதற்கு முன்னால் நியூயார்க் மாநிலத்தில் போஸ்ட்மாஸ்டர். நம்ம ஜாதி!

கடிதம் இப்போது யேல் பல்கலைக்கழகத்து நூலகத்தில் இருக்கிறது. பேரனை விட்டுப் படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இங்கே கவர் வழக்கம் பரவவில்லை. தாளையே மடித்து அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதுவார்கள். முத்திரை அந்தத் தாளிலேயே விழும். அதைப் பரிசோதித்தவர்கள் முத்திரை அசல் என்கிறார்கள். உள்ளே இருப்பதுதான் இடிக்கிறது. எழுத்து முழுக்க அச்செழுத்து மாதிரி தனித்தனியாக வரைந்தது. கையெழுத்து ஸ்மித்துடையது இல்லை. விலாசம் உள்ள வெளித்தாளும் உள்தாளும் ஒரே வகைத் தாள் இல்லை என்றும் சொல்கிறார்கள். வேறு எதற்கோ வந்த நிஜக் கடிதத்தின் வெளித்தாளை வைத்துக்கொண்டு உள்தாளை மாற்றிவிட்டானோ என்று ஒரு சந்தேகம் உண்டு. நம்ம ஹெட் சார்ட்டர் இருந்திருந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “முத்திரை என்னவோ நல்ல முத்திரைதான்” என்று இழுத்திருப்பார். அந்த இழுவையில் எத்தனை பேர் வயிறு கலங்கியிருக்கிறது!

அந்தக் கடிதத்தை நம்பி எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஸ்மித்தின் தம்பி வந்தார். அவருடைய அம்மாவே கொஞ்ச காலம் ஆதரித்தார். ஸ்ட்ராங்கும் சும்மா இல்லை. 1845 செப்டம்பரில் நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப்போய் ஒரு ஓக் மரத்தின் வேர்ப் பக்கம் தோண்டச் சொன்னான். மூன்று குட்டிப் பித்தளைத் தகடுகள் கிடைத்தன. அவனே மொழிபெயர்த்தான். எழுதியவர் பெயர் என்ன தெரியுமா? ‘வோரிட்டோவின் ராஜா மான்ச்சூ’. விஸ்கான்சின் காட்டில், மரத்தடியில், ராஜா! எந்த ஊர் ராஜா, எப்படி வந்தார், எந்த வக்கீல் கேட்டான்? பழைய பித்தளைக் கெட்டிலை வெட்டிச் செய்தது என்று, பிரிந்துபோன ஒருவர் பிற்பாடு சொன்னார். நம்ம பக்கம் பட்டயம் கிடைத்தால் நிலம் கேட்பார்கள். இவன் ஜனங்களையே கேட்டுவிட்டான்.

பர்லிங்டனில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்குச் சாக்லேட் நகரம் என்று பட்டப்பெயர். வோரி இருந்த இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை, மார்மன் ரோடு என்று ஒரு சாலை. ஊர் இடுகாட்டில் ஸ்ட்ராங்கின் கல்லறை. செல்வி காரை விட்டு இறங்கவே இல்லை.

கூத்தெல்லாம் நடந்தது வடக்கே, மிச்சிகன் ஏரிக்குள் இருக்கிற பீவர் தீவில். ஜனத்தை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தி, 1850 ஜூலை 8 அன்று முடிசூட்டிக்கொண்டான். சிவப்பு அங்கி. முடிசூட்டியவர் ஒரு மேடை நடிகர். கிரீடத்தில் கண்ணாடி நட்சத்திரம் இருந்தது என்றும், வெறும் காகிதம் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். என் சபைக்குத்தான் நான் ராஜா, நாட்டுக்கு இல்லை என்று ஜாக்கிரதையாகச் சொல்லிக்கொண்டான், வக்கீல் புத்தி. அப்புறம் மிச்சிகன் சட்டசபைக்கும் இரண்டு தடவை ஜெயித்தான். ராஜாவும் எம்.எல்.ஏ.வும் ஒரே ஆள். நம்மூரிலும் உண்டு, கிரீடம்தான் மேடையோடு போய்விடும்.

பலதாரம் கூடாது என்று முழங்கித்தான் பாதிப் பேரைச் சேர்த்தான். ஆனால் 1849இல் எல்விரா ஃபீல்ட் என்ற டீச்சர் பெண்ணை ரகசியமாக இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டான். தலைமுடியை வெட்டி, கோட்டு சூட்டு மாட்டி, சார்லஸ் டக்ளஸ் என்று பெயர் வைத்து, அண்ணன் பிள்ளையோ அக்காள் பிள்ளையோ, செயலாளர் என்று சொல்லி ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனான். மதினியிடம் இந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டாதே. உன் கேம்ப் கதைகளைக் கிளறுவாள். கடைசியில் மொத்தம் ஐந்து மனைவிகள். செத்தபோது அதில் நாலு பேர் பிள்ளைத்தாச்சி.

முழுக்கப் போக்கிரி என்று ஒதுக்கவும் மனசு வரவில்லை. யூட்டா சபை 1978 வரை கறுப்பர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. இவன் அந்தக் காலத்திலேயே கொடுத்தான். தீவின் மீனையும் பறவையையும் பற்றி ஸ்மித்சோனியன் என்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கட்டுரை எழுதினான். 1851இல் மத்திய சர்க்கார் போர்க்கப்பலை அனுப்பி இவனைப் பிடித்துப்போய் டெட்ராய்ட்டில் வழக்குப் போட்டது. குற்றங்களில் ஒன்று என்ன தெரியுமா? தபாலுக்கு இடைஞ்சல் செய்தது! தானே வாதாடி விடுதலையாகி வந்தான். முன்னாள் போஸ்ட்மாஸ்டருக்குச் சட்டத்தில் சந்துபொந்து தெரியாதா?

முடிவு நல்லதாக இல்லை. பெண்கள் முழங்கால் அளவுப் பாவாடையும் கீழே கால்சட்டையும்தான் உடுத்தவேண்டும் என்று ஆணை போட்டிருந்தான். மீறிய குடும்பத்து ஆள் ஒருவனுக்குச் சவுக்கடி விழுந்தது. அவனும் இன்னொருவனும் 1856 ஜூன் 16 அன்று படகுத்துறையில், பின்னாலிருந்து சுட்டார்கள். சுட்டுவிட்டு அதே போர்க்கப்பலில் போய் ஏறிக்கொண்டார்கள். மாக்கினாக் தீவில் பேருக்கு ஒரு விசாரணை, ஒன்றேகால் டாலர் அபராதம். ஜூலையில் ஒரு கும்பல் வந்து, கிட்டத்தட்ட 2,600 பேரைக் கப்பல்களில் ஏற்றிக் கரையோர ஊர்களில் கொட்டிவிட்டுப் போனது. ஸ்ட்ராங்கை வோரிக்குத் தூக்கி வந்தார்கள். மூன்று வாரம் உயிரோடு இருந்தான், நல்ல நினைவோடு. அடுத்தது யார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. ஜூலை 9 அன்று போய்விட்டான்.

கடிதம் காட்டி வந்தவன் அவன், சுந்தரம். ஒரு துண்டுச்சீட்டு எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். பலர் பிறகு 1860இல் ஸ்மித்தின் மகன் தலைமையேற்ற சபையில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு சிறு கூட்டம், தேவதூதன் வந்து அடுத்தவரைக் காட்டட்டும் என்று பர்லிங்டன் பக்கம் இன்னும் காத்திருக்கிறது.

இதற்கு இத்தனை பக்கம் ஏன் என்று கேட்பாய். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் உன் தம்பி மாலையும் கழுத்துமாக ரிட்டயர்மென்ட் விழாவில் நின்றான். பர்லிங்டன் போய் வந்த ராத்திரி அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

1988, நைட் டியூட்டி, வெளியே மழை. நீ சட்டைக்குள்ளிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டீ வாங்கப் போய்விட்டாய். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. நான் டேட் ஸ்டாம்பின் திருகைத் தளர்த்தி, 17ஐ எடுத்துவிட்டு 16ஐ வைத்து, அந்த ஒரே கவரில் அடித்து, மறுபடி 17ஐ மாட்டினேன். மை காய வாயால் ஊதினேன்கூட. நீ டீயோடு வந்தாய், குடித்தோம். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஸ்ட்ராங் காட்டியதில் முத்திரை அசல், உள்ளே இருந்ததுதான் சந்தேகம். நம்முடையதில் மார்க், சர்டிபிகேட், தம்பியின் கையெழுத்து, உள்ளே எல்லாமே நிஜம். முத்திரைதான் பொய். எது மேல் என்று நீயே சொல். தம்பி நன்றாக வேலை செய்தான், லஞ்சம் வாங்காதவன் என்று பெயரெடுத்தான், அதெல்லாம் சரி. ஆனால் நேரத்தோடு தபாலில் போட்டு, ஒரு இடம் பின்னால் நின்றுபோன ஒருவன் எங்கேயோ இருப்பான் இல்லையா? அவனுக்கும் இந்த வருஷம் மாலை விழுந்திருக்கவேண்டிய வயசு.

உன்மேல் கோபம் இல்லை. இன்னொரு தடவை அந்தக் கவர் வந்தாலும் அடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் தொந்தரவு. ஒன்று மட்டும் சொல். தம்பிக்குத் தெரியுமா?

மதினிக்கு என் நமஸ்காரம். ஏப்ரலில் வருகிறேன், மாத்திரை லிஸ்ட்டை அனுப்பு, வாங்கி வருகிறேன். பதிலைத் தபாலில் போடு, போனில் வேண்டாம். முன்தேதி போட்டு அடிக்கச் சொல்லி யாரையும் கெஞ்சாதே, நான் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன்.

உன்,
கணபதி