கடலைக்கு ஒரு கட்டில்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விரலெல்லாம் ஃபெவிகாலாக இருந்ததால் பேனா பிடிக்கவில்லை. ஆமாம்டா, வயசான காலத்தில் தச்சு வேலையில் இறங்கிவிட்டேன்.

பேத்தி விடுதிக்குப் போகும்போது தான் வளர்க்கிற ஹாம்ஸ்டரை, எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி, என்னிடம் விட்டுப் போனாள். அதை எலி என்றால் கோபம் வரும் அவளுக்கு. பெயர் கடலை. “தாத்தா, அதுக்கு ஒரு கட்டில் செஞ்சு வை” என்று உத்தரவு வேறு.

பேன்சி கடையில் ஐம்பது ஐஸ் குச்சி நாற்பது ரூபாய். குச்சி நாலரை அங்குலம்தான். கடலை நீட்டிப் படுத்தால் ஆறு அங்குலம். செங்கல் அடுக்குவதுபோல மூட்டு மாற்றி மூன்று அடுக்காக ஒட்டி, துணி கிளிப் மாட்டி ஒரு ராத்திரி காயவிட்டேன். குறுக்கே வெட்டினால் நார் ஓட்டத்தில் பிளந்துகொண்டே போனது. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நகவெட்டியால் நறுக்கினேன், சுத்தமாக வந்தது. நகவெட்டியில் தச்சு வேலையா என்று உங்கள் அப்பா காறித் துப்பியிருப்பார்.

நடுவில் சணல் நூல் பின்னி, நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலாகவே ஆக்கிவிட்டேன். பகலெல்லாம் தூங்குகிற பிராணி, ராத்திரி பத்து மணிக்கு எழுந்து ஏறியது. பின்னங்கால் நகம் சணலில் சிக்கி ஒரே கீச்சல். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கத்தரிக்கோலால் நூலை அறுத்து எடுத்தேன். நல்லவேளை, காயமில்லை.

மருத்துவரிடம் கேட்டால் நூலும் ஆகாது, பஞ்சும் ஆகாது என்கிறார். பஞ்சு காலில் சுற்றிக்கொள்ளும், கன்னப் பையில் போய் அடைத்துக்கொள்ளுமாம். வெறும் வெள்ளை டிஷ்யூ தாளைக் கிழித்துப் போட்டால் போதும். முன்பல் ஆயுசு முழுக்க வளர்வதால் கண்டதையும் கொறிக்கும், அதனால் பெயின்ட்டும் கூடாது. ஆசையாக வாங்கிய தங்கக் கலர் டப்பா திறக்காமலே இருக்கிறது. உன் பேரனுக்கு வேண்டுமா?

பின்னலைப் பிரித்துவிட்டுக் குச்சிகளையே நெருக்கிப் பரப்பினேன். கடலை அதன்மேல் ஒரு நிமிஷம்கூடப் படுக்கவில்லை. டிஷ்யூவைக் கன்னம் புடைக்க அடைத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் திணித்து, அங்கேயே சுருண்டுகொண்டது. சிரியாவில் அலெப்போ பக்கம் வயலில் வளை தோண்டி வாழ்ந்த வம்சமாம். 1930இல் அங்கே பிடித்துக்கொண்டு போன ஒரே தாயின் குட்டிகள்தான் இன்று வீடுகளில் வளர்கிற இந்த வகைக்கு மூலம். அதற்கு எதற்குக் கட்டில்? எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், உன்னிடம் மறைப்பானேன்.

இப்போது கட்டில் கால்களைச் சுற்றி மூன்று பக்கமும் குச்சி வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டில் கூரையாகிவிட்டது. பேத்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. ஆடிக்கு வரும்போது உங்கள் அப்பாவின் சின்ன அரம் இருந்தால் எடுத்து வா. தலைமாட்டுப் பக்கம் ஒரு காலைப் பாதி கொறித்துவிட்டது.

உன்,
பழனி