குச்சிக் கட்டை வண்டியில் ஏற்றாதே

ஆத்தூர்,
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. சரோஜா வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் இவள் உடனே போன் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் எல்லோரும் தூங்குவீர்கள் என்று நான்தான் தடுத்தேன்.

மற்றதெல்லாம் பிறகு. கெங்கவல்லி நிலத்தில் தை மாதம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வைக்கப்போகிறாய், சரி. திருச்சூர்ச் சம்பந்தி நடுவதற்கு நல்ல ரகக் குச்சி சும்மாவே தருகிறார், வேன் வைத்து ஏற்றி வந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தயவுசெய்து வேண்டாம். சம்பந்தி மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் கொடுப்பது குச்சி மட்டும்தான் என்று அவரே நினைத்துக்கொண்டிருப்பார். ஆனால் கணுவில், மொட்டு இடுக்கில், நம் கண்ணுக்குச் சிக்காமல் என்ன உட்கார்ந்து வரும் என்பதுதான் கவலை.

மாவுப்பூச்சியைத்தான் சொல்கிறேன். மரவள்ளியை மட்டுமே குறிவைக்கும் மாவுப்பூச்சி ஒன்று 2020-ல் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது திருச்சூரில்தான். அடுத்த வருடமே எங்கள் மரவள்ளிக் காட்டில் இருந்தது. பறந்தா வந்தது? அதற்குச் சிறகே கிடையாது. குச்சிக் கட்டோடு லாரியிலும் வேனிலும் டிக்கெட் இல்லாமல் வந்து சேர்ந்தது. இளஞ்சிவப்பு உடம்பு, மேலே வெள்ளை மாவு. ஆண் இனமே தேவையில்லை, எல்லாம் பெண்ணாகவே பெருகும். ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும், நூற்றுக்கணக்கில் முட்டை வைத்துவிடும்.

அந்தக் கோடையை உனக்கு எப்படிச் சொல்வது? நுனிக்குருத்து முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு நின்றது. தண்டு கோணல்மாணலாகி, கணுவுக்குக் கணு இடைவெளி இல்லாமல் குட்டையானது. இலை உதிர்ந்து வெறும் குச்சிகள் நின்ற காட்டைப் பார்த்து, யாரோ ஆடு விட்டு மேய்த்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மருந்துக்கடைக்காரர் ஒன்று கொடுத்தார், அடித்தேன். பதினைந்து நாளில் திரும்பி வந்தது. இதைவிடக் காட்டமாக இன்னொன்று கொடுத்தார், அதையும் அடித்தேன். மெழுகு மாவு மேலே மூடியிருக்கிறது, சுருண்ட குருத்துக்குள் மருந்து இறங்கவில்லை. ஆனால் வெளியே சுற்றிய பொறிவண்டெல்லாம் செத்தது. மாவுப்பூச்சியைத் தின்ன இருந்த நாலைந்து கூலியாட்களையும் நானே காசு கொடுத்துக் கொன்றேன் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த வருடம் கிழங்கு விரல் பருமனுக்குத்தான் இருந்தது. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கின் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் போட்டுப் பார்த்தபோது அதுவும் இறங்கியிருந்தது. கிழங்கு ஏற்றிப்போன லாரி வாடகையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இதற்கு முன்னால் நடந்த ஒன்று உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். 2009, 2010-ல் நீ ஈரோட்டுப் பக்கக் கிளையில் மேலாளர். மல்பெரிக்குக் கடன் வாங்கிய ஒருவர் செடியையே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு உன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். அது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் பார்த்தார்கள். மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, ரோட்டோரப் பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. பட்டு வளர்ப்பவர்தான் பாவம். மருந்து அடித்த இலையைப் போட்டால் புழு செத்துவிடும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது.

அதைத் தீர்த்தது எந்த மருந்துமில்லை, எறும்பைவிடச் சின்னதான ஒரு குளவி. போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்ததை 2010-ல் பெங்களூருக்கு வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து பெருக்கி வெளியே விட்டார்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கின் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை வளர்ப்பார்கள். ஆய்வகத்தில் தட்டுத்தட்டாக உருளைக்கிழங்கைப் பார்த்தவன் சமையலறை என்றுதான் நினைப்பான். ஒரு வருடத்திற்குள் பூச்சி அடங்கிவிட்டது. உன் கடன்காரர் மறுபடி மல்பெரி வைத்தாரா என்று நீ எழுதவே இல்லை. வைத்திருப்பார். ஆனால் எதனால் வைக்க முடிந்தது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எனக்கே அப்போது தெரியாது. மழை பெய்தது, பூச்சி போனது என்று நினைத்துக்கொண்டேன். வந்த நோயைப் பத்து வருடம் பேசுவோம், வராமல் போனதை யார் பேசுகிறார்கள்?

திருச்சூரில் இறங்கிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் ஒரு குளவி இருக்கிறது. அதன் கதை இன்னும் பழையது. மரவள்ளியே தென்னமெரிக்காச் செடி. போர்ச்சுகீசியர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே அதுவே கோடிக்கணக்கான பேருக்குச் சோறானது. 1970-களின் தொடக்கத்தில் இந்த மாவுப்பூச்சி காங்கோப் பக்கம் வந்து இறங்கியதும் நாடு நாடாகக் காடு காய்ந்தது. அப்போது ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி, பூச்சியின் சொந்த ஊருக்கே போய் அதன் எதிரியைத் தேட வேண்டும் என்று கிளம்பினார். முதலில் தென்னமெரிக்காவின் வடபகுதியில் அச்சு அசலாக இதே மாதிரி ஒரு பூச்சி கிடைத்தது. அங்கிருந்து கொண்டுபோன ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்காப் பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் அது வேறு இனம், பார்வைக்கு மட்டும்தான் சகோதரி. 1981-ல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது, கூடவே அதன் குளவியும். பிறகு குளவியைப் பெருக்கி விமானத்தில் ஏற்றி வானத்திலிருந்து தூவினார்கள். 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. சின்னச் சின்ன வேற்றுமையைப் பார்த்து இது வேறு, அது வேறு என்று சொல்லும் ஆளுக்கு நம் ஊரில் ‘பூச்சி பிடிக்கிறவன்’ என்றுதான் பெயர். அந்த ஆள் இல்லையென்றால் விமானம் முழுக்கத் தப்பான குளவியைத் தூவியிருப்பார்கள்.

அந்தக் குளவிதான் 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் வந்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் திறந்து விடப்பட்டது. இங்கிருந்து கூப்பிடு தூரம். எனக்கும் பிறகு ஒரு சின்னக் குப்பி கிடைத்தது. ஏமாற்றமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு ஏக்கருக்கு இந்தக் குப்பியா? சாயங்காலம் வெயில் இறங்கினதும் செடி மறைவில் மூடியைத் திறந்துவிட்டேன். தூசி மாதிரி ஏதோ கிளம்பிப் போனது, அவ்வளவுதான். பொழிக்கு, எல்லை வரப்புக்கு, அந்தப் பக்கம் நின்ற பங்காளி, “என்னடா, விபூதி போடறியா?” என்று கேட்டார்.

பங்காளியால்தான் அடுத்த வம்பு. குளவி விட்ட நாலாம் நாள் அவர் காட்டில் மருந்து அடித்தார். காற்று என் பக்கம். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் காடு, அவர் காசு, போன வருடம் நான் செய்ததைத்தானே அவர் செய்கிறார். ஆனால் குளவிக்குப் பட்டாச் சிட்டா தெரியாது, பொழி எங்கே என்று பார்க்காது. ஊரில் நாலு பேர் அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால்தான் அது நிலைக்கும். ஆனால் இலை சுருண்டு நிற்கும்போது சும்மா இரு என்று சொல்வதை எந்த விவசாயி கேட்பான்? மருந்துக்கடைக்காரர் கடனுக்குத் தருகிறார், கிழங்கு விற்றதும் கொடுத்தால் போதும். குளவியைக் கடனுக்கும் யாரும் விற்பதில்லை, காசுக்கும் விற்பதில்லை. லாபம் இல்லாத சரக்கைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேச யாருக்கு அவசியம்?

ஆவணியில் ஒரு நாள் குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். பூச்சிகள் பழுப்பாக, காய்ந்த அரிசி மாதிரி விறைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசிமுனை ஓட்டை. குளவி பூச்சிக்குள்ளே முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளரும், இரண்டு மூன்று வாரத்தில் ஓட்டை போட்டு வெளியே வரும். அந்தக் குருத்தைக் கிள்ளிக்கொண்டுபோய்ப் பங்காளியிடம் பேரனின் பூதக்கண்ணாடி வழியே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “சரி, இந்தத் தடவை அடிக்கல” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறு வாரம் அவரே இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து கண்ணாடியைக் கேட்டார். பேரனுக்குப் பள்ளிக்கூடத்திற்கு வேறு கண்ணாடி வாங்க வேண்டியதாகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன். குச்சி இங்கேயே, நீயும் நானும் போய்ப் பார்த்து, சுத்தமாக நிற்கும் காட்டில் எடுப்போம். இலையில் தேமல் நோய் விழுந்த செடியிலும் வேண்டாம். மூன்றுக்கு மூன்று அடியில் நட்டால் ஏக்கருக்கு 4,800 கரணைக்கு, அதாவது குச்சித் துண்டுக்கு, மேல் வேண்டும், இப்போதே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். வெட்டிய கரணையை மருந்துக் கரைசலில் முக்கி நடு. நான் மருந்துக்கு எதிரி என்று நினைக்காதே, அந்த ஒரு முக்கலுக்கு நான் மறுப்பே சொல்ல மாட்டேன். நடுவதற்கு முன்னால் உன் நிலத்தைச் சுற்றி யார் யார் காடு, என்ன அடிக்கிறார்கள் என்று விசாரித்து வை. மண் பரிசோதனையைவிட இது முக்கியம்.

லாபக் கணக்கு போட்டு அனுப்பியிருக்கிறாய். பேங்க்காரன் கணக்கு, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து மாதமும் இன்றைய விலையே நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். ஜவ்வரிசி விலை ஏறினால் ஊரெல்லாம் குச்சி நடும், அடுத்த வருடம் விலை சரியும். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம், ஆனால் அது என் கிழங்கின் பாயிண்டுக்கு இன்னும் ஒரு ரூபாய் கூட்டவில்லை. உன் கணக்கில் விலையைக் கால்வாசி குறைத்துப் போட்டுப் பார். அப்போதும் நிற்கிறதென்றால் நடலாம். காட்டுப்பன்றி என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை. கிணற்றில் பாதித் தண்ணீர் இருக்கிறது. சின்னவன் சொட்டு நீர்க் குழாயை எலி கடித்துவிட்டதாகத் தினமும் ஒரு புகார் கொண்டுவருகிறான். நம் கணக்கு வாத்தியார் போன மாதம் தவறிவிட்டார், உனக்குச் சேதி வந்ததா? கடைசி வரை என்னைப் பார்த்தால் “கூட்டல் இப்பவாவது வருதா?” என்றுதான் கேட்பார்.

தை பிறந்ததும் அறுப்பு. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே சரோஜாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, இவள் கிழங்கு அவித்து மிளகாய்ச் சட்னியோடு வைப்பாள். சம்பந்தியிடம் என் வணக்கத்தைச் சொல். அவரிடமிருந்து நேந்திரங்காய்ச் சிப்ஸ் மட்டும் வாங்கி வா.

அன்புடன்,
பழனிசாமி