படிகமும் கண்ணாடியாகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'படிகம் என்றால் ஒழுங்கு, கண்ணாடி என்றால் ஒழுங்கின்மை' என்றே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிக் கடைகளில் கிடைக்கும் கற்பூரமே இதற்குள் அடங்காது. அதன் மூலக்கூறுகள் படிகத்துக்குரிய இடங்களில் வரிசையாகவே நிற்கின்றன. ஆனால் நின்ற இடத்திலேயே திசை மாறிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுதந்திரம் முன்பே கிடைத்துவிட்டதால் உருகும்போது அது வாங்கும் வெப்பம் மிகக் குறைவு. அதனால் வேறு பொருள் சிறிது கலந்தாலே அதன் உருகுநிலை வெகுவாக இறங்கும். அந்த இறக்கத்தை அளந்து கலந்த பொருளின் மூலக்கூறு எடையைக் காணும் ராஸ்ட் முறைக்குக் கற்பூரம் அவ்வளவு பொருந்துவதும் இதனால்தான்.

திசைமாற்றம் மட்டும் உறைந்து, வரிசை குலையாமல் இருந்தால் அதுவும் கண்ணாடி நிலைதான். ஜப்பானின் ஒசாகாவில் சுகா, செகி குழுவினர் 1968-ல் சைக்ளோஹெக்சனால் என்ற ஆல்கஹாலில் இதைக் காட்டினார்கள். எத்தனால் இன்னும் வியப்பானது: திரவத்தை உறைய வைத்த கண்ணாடி, திசை மட்டும் குலைந்த படிகம் இரண்டுமே ஏறக்குறைய 97 கெல்வினில் இளகுகின்றன.

சூடேற்றும்போது பொருள் வாங்கும், விடும் வெப்பத்தை வரைகோடாகக் காட்டும் டி.எஸ்.சி. கருவி திரவ நைட்ரஜன் வசதியுடன் இருந்தால் மதுரைக் கல்லூரிகளிலேயே சைக்ளோஹெக்சனாலை வைத்து இதைப் பார்க்கலாம். சுத்தமானதென்றால் சுமார் 26 டிகிரி செல்சியஸில் உருகும். 22 டிகிரி ஏ.சி. அறையில் வைத்தும் இறுகாவிட்டால் பெரும்பாலும் ஈரம் ஏறியிருக்கிறது. 100 கிராமில் அரை கிராம் தண்ணீரே உருகுநிலையை ஏறக்குறைய பத்து டிகிரி இறக்கிவிடும். காரணம் கற்பூரத்துக்குச் சொன்னதுதான். தண்ணீரை உறிஞ்சும் நுண்துளை மணிகளான 3ஏ மூலக்கூறு சல்லடையில் போட்டு உலர்த்துங்கள். 5 முதல் 10 மில்லிகிராம் எடுத்து, இறுக மூடும் அலுமினியக் கிண்ணத்தில் அடைத்து, 120 கெல்வின் வரை வேகமாகக் குளிர்வியுங்கள். மெதுவாக இறக்கினால் மூலக்கூறுகள் திசையிலும் ஒழுங்காகிவிடும், பிறகு தேடினாலும் கண்ணாடி மாற்றம் வராது. நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றும்போது 150 கெல்வின் அருகே வரைகோடு ஒரு சிறு படியாக ஏறும். அதுதான் தேடுவது. அதற்கு மேல் வெப்பத்தை வெளிவிட்டு நிலையான படிகமாகி, 265 கெல்வின் வாக்கில் மறுபடி திசை குலையும்.

கருவியின் உலைக்குள் ஓடவிடும் வாயு உலர்ந்ததாக இல்லையென்றால் உலைக்குள் உறைபனி படியும். 273 கெல்வினில் தெரியும் பொய்யான உச்சி அதனுடையது. கருவி காட்டும் வெப்பநிலையைச் சரிபார்க்கச் சைக்ளோஹெக்சேன் (சைக்ளோஹெக்சனால் அல்ல) போதும்: 186.1 கெல்வினில் படிக மாற்றம், 279.7-ல் உருகல்.

முடிவை எழுதும்போது சூடேற்றிய வேகத்தையும் கூடவே எழுதுங்கள். வேகம் பத்து மடங்கானால் அந்த 150 சில டிகிரி நகர்ந்துவிடும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை