துபாய்க்காரர் வீட்டுக்குத் தனி வரி வேண்டாம்

ஊர்ப் பெரியவர்களுக்கும் கோயில் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

பல ஊர்களில் திருவிழா வரி எழுதும்போது தலைக்கட்டுக்கு ஒரு தொகை, வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்கு அதைப்போல் சில மடங்கு என்று போடுகிறீர்கள். "அவனுக்கென்ன, துபாய்ல இருக்கான்" என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அவன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கட்டட வேலைக்கு மாதம் 1,000 திர்ஹம் சம்பளம் என்று வைப்போம். திர்ஹம் 23 ரூபாய் என்றால் 23,000. மெஸ்ஸுக்கு 300 திர்ஹம், போன் ரீசார்ஜும் சோப்பும் 50. மீதி 14,950 ரூபாய். ஏஜெண்டுக்குக் கட்ட மூன்று வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) 1,20,000 வாங்கியிருந்தால் வட்டி மட்டும் 3,600. வீட்டுக்கு வருவது 11,350. அசல் அப்படியே நிற்கிறது. உள்ளூரில் ஒழுங்காக வேலை கிடைக்கும் கொத்தனார் இதைவிட அதிகமாக வீட்டில் கொடுப்பார்.

இதை அவன் ஊரில் சொல்ல மாட்டான், சொல்லவும் விடமாட்டோம். லீவில் வரும்போது செண்ட் பாட்டிலும் கம்பளியும் வாங்கவே இன்னொரு கடன். அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அடுத்த தெருப் பையன் நகையை அடகு வைத்து விசிட் விசாவில் ஏறுகிறான். விசிட் விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். கெடு முடிந்தும் அமீரகத்தில் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். பத்து நாளிலேயே பாதிச் சம்பளம் போய்விடும்.

எனவே ஒரு பையன் கிளம்புகிறான் என்று தெரிந்தால் வாழ்த்துவதற்கு முன் காகிதங்களைக் கேளுங்கள். ஏஜெண்டின் உரிம எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டு, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தரவேண்டாம். ஊரில் வந்து ஆள் பிடிக்கும் தரகருக்கு உரிமம் கிடையாது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை, அதாவது குடியேற்றச் சோதனை தேவைப்படுவது. அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம். விசிட் விசாவில் போகிறவருக்கு இந்த அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃப் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நம் பிள்ளைகள் அங்கே எப்படி நெருக்கியடித்துத் தங்குகிறார்கள் என்று பல வீடுகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்த வருஷம் நோட்டீஸ் அடிக்கும்போது எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி என்று போடுங்கள். வேலை போய்த் திரும்பி வந்தவரிடம் "மறுபடி எப்போ கிளம்புறே?" என்று கேட்காதீர்கள். கூடுதலாகத் தர விரும்புகிறவர் தரட்டும். அந்தத் தொகையை மட்டும் மைக்கில் வாசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெளிநாடு செல்வோருக்குக் காகிதம் சரிபார்த்துக் கொடுப்பவர்கள்